அதிகப்படி நாற்காலி

யோசனை சொல்வதற்காக ஒருவன் கடல் தாண்டி வருவான் என்பதைத் திண்டுக்கல்லில் யாரும் நம்பவில்லை. யோசனைக்கு எங்கள் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? கேட்காமலே சொல்வார்கள், வீடு தேடி வந்து சொல்வார்கள், சொல்லிவிட்டு காபியும் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு அமெரிக்காவிலிருந்து மூன்று பையன்கள் யோசனை சொல்ல வந்தார்கள். வந்து எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு சுருட்டுக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. அப்பாவுக்குக் கோயில் தெருவில் மளிகைக் கடை. எங்கள் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: எனக்கு வேலை இருக்கும்வரை அவர் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த தூரத்து அத்தை மகன் எனக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருந்தார் என்பதைவிட அவருடைய அம்மா காத்திருந்தார் என்பதே சரி. மண்டிக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓர் ஆள் குறைந்தது அவர்களுக்கு. நான் காலையில் முதல் ஆளாக வந்து டைப்ரைட்டரைத் துடைப்பேன். முதலாளி என் சுறுசுறுப்பை மெச்சுவார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது கல்யாணம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மதுரையில் ஏதோ ஒரு விருந்தில் முதலாளிக்கு யாரோ சொன்னார்களாம். அமெரிக்காவில் வியாபாரத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. படிப்பை முடிக்கிற பிள்ளைகள் வெளிதேசம் போய், ஒரு கம்பெனியைக் கிட்ட இருந்து பார்த்து, அது எப்படி உருப்படலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடனே முதலாளி எங்கள் கம்பெனியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"யோசனை சொல்ல இம்புட்டுத் தூரம் எவனாச்சும் வருவானா? விலைக்கு வாங்கத்தான் வாரான்ங்க. வாயில சொல்ல மாட்டான்ங்க," என்றார் எங்களிடம்.

வாங்க வருகிறவனுக்குக் கம்பெனி பெரிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? சுவருக்கு வெள்ளையடித்தார். சுருட்டு சுற்றுகிறவர்கள் போதாது என்று சாணார்பட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்களை ஒரு பஸ் நிறையக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, ஒரு கட்டுப் புகையிலை. தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மனிதர்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் கறிச்சோறு என்று பேச்சு. ஆகையால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பையன்கள் நல்ல பையன்கள்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். மூவருமே நெட்டையாக இருந்தாலும் ஒருவன் மட்டும் வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொண்டான்; நெட்டையன் என்று அவனுக்குப் பெயர் வைத்தோம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுருட்டு சுற்றும் பெண்களின் பக்கத்தில் குந்தினார்கள். ஒரு சுருட்டுக்கு எவ்வளவு நேரம், பேச்சுக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் குறித்தார்கள். அந்தப் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று, மொழிபெயர்க்க முதலாளி கூடவே அனுப்பியிருந்த என்னைக் கேட்டார்கள். உங்கள் மூக்கைப் பற்றித்தான் என்று சொல்ல முடியுமா? மழையைப் பற்றி என்றேன்.

சாணார்பட்டி வரிசைக்கு வந்ததும் அவர்கள் கடிகாரம் தடுமாறியது. ஒருவர் சுற்றிய சுருட்டு அவர் மடியிலேயே பிரிந்து விழுந்தது.

"ஏலே அப்பு, இதுக்கு மம்பட்டியே தேவலைடா," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

நெட்டையன் என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். "புதுசுன்னு சொல்லும்மா," என்றார் அவர். அப்படியே சொன்னேன். பொய்யே கிடையாது. அந்த வேலைக்கு அவரைவிடப் புதிய ஆள் உலகத்தில் இருந்திருக்க முடியாது.

காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நான் அந்த மூவரின் பின்னாலேயே அலைந்தேன். புகையிலைக் கிடங்கு, வெயிலில் சுருட்டு காயும் முற்றம், கடைத்தெரு, எங்கும் நான்தான் வாய். முதலாளி சொல்வதை அவர்களுக்கு, அவர்கள் கேட்பதை முதலாளிக்கு, பெண்கள் கேலி செய்வதை ஒருவருக்கும் இல்லை. தொண்டை கட்டிப்போனது. ஆபீசில் என் டைப்ரைட்டர் அத்தனை நாளும் உறை போட்டபடி கிடந்தது.

கடைசி நாள் சாயங்காலம் கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டார் முதலாளி. கடைத்தெரு வியாபாரிகள், பள்ளிக்கூடத்துப் பாதிரிச் சாமியார், எங்கள் அப்பா எல்லாரும் முன்வரிசை. பையன்கள் எழுதியதை வாசிக்க வேண்டும், நான் தமிழில் சொல்ல வேண்டும். வாசிப்பதற்கு முன்னாலேயே முதலாளி எழுந்தார். வெள்ளைக்காரனுக்கு முன்னால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வீரம் வரும்.

"இந்தத் தம்பிக எழுதுனது அம்புட்டையும் ஒண்ணு விடாம இப்பவே செய்வேன். இது சத்தியம்!" என்றார். கைதட்டல்.

நெட்டையன் வாசித்தான். சுருட்டு சுற்றுகிறவர்களில் பாதிப்பேர் அதிகப்படி. அவர்கள் இல்லாமலே வேலை நடக்கும். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி சாணார்பட்டி வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் ஒரே ஆளாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். ஒரு கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் எந்தக் கம்பெனியும் இத்தனை வேகமாகத் திருந்தியிருக்காது.

அடுத்ததையும் வாசித்தான். ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் நாற்காலி இருக்கிறது. நாங்கள் இருந்த நாட்களில் அதில் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. டைப்ரைட்டரின் உறையைக்கூட யாரும் எடுக்கவில்லை. அந்த வேலையை எடுத்துவிடலாம்.

நான் நெட்டையனைப் பார்த்தேன். அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. தங்களுக்குப் பேச்சுத்துணைக்காக முதலாளி எங்கிருந்தோ வரவழைத்த பெண் என்றே என்னை நினைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலிக்குரியவள் இவர்கள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தால் நாற்காலியில் யார் உட்காருவார்? மாற்றிச் சொல்லிவிடலாம் என்றால் முன்வரிசையில் இங்கிலீஷ் தெரிந்த சாமியார், கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார். அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சற்றுமுன் செய்த சத்தியம் பந்தலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுவும்தான்," என்றார் மெதுவாக.

அதற்கும் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தது அப்பா மட்டும். அவர் வத்தலக்குண்டை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் ரயிலடியில் வழியனுப்பு. முதலாளி மாலைகளோடு வந்திருந்தார். வேலை போன பிறகும் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக்கூடாது, கூப்பிட்டு அனுப்பினார், அப்பாவோடு போனேன். வண்டி கிளம்பும் நேரத்தில் நெட்டையன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னிடம் நீளமாக ஏதோ சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைப் பிடித்துக் கடித்திருப்பேன்.

"என்னம்மா சொல்றாரு?" என்று ஆவலாகக் கேட்டார் முதலாளி.

"அதைச் சொல்ற ஆளத்தான் நேத்தே வேலைய விட்டு எடுத்துட்டீங்களே முதலாளி," என்றேன்.

வண்டி போய்விட்டது. முதலாளி மாலை நாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நானும் அப்பாவும் நடந்தோம். கடைத்தெரு தாண்டியதும் அப்பா கேட்டார்.

"அந்தப் பையன் என்னதான் சொன்னான்?"

"நீங்க இல்லாட்டி எங்களால இங்க ஒண்ணுமே செஞ்சிருக்க முடியாதுன்னான்ப்பா."

அப்பா நின்றார். "அதையும் பந்தல்ல வாசிச்சிருக்கலாம்ல," என்றார். பிறகு நடந்தார்.

தை பிறந்ததும் வத்தலக்குண்டில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். விடியுமுன் சாணி தெளிப்பதிலிருந்து ராத்திரி மண்டிக் கணக்கு முடிப்பதுவரை அத்தனையும் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அதிகப்படி என்று இன்றுவரை என்னை அங்கே ஒருவரும் சொன்னதில்லை.