நான் சுற்றிய செம்புக் கம்பி

போன கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலத்தில் எங்கள் வீடு. அன்றைக்கு வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், கரண்ட் வேலைக்கு வந்தவர். மகள் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஐந்து.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். மகள் வந்த நாளிலிருந்து, வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பாத்ரூமுக்குள் ரப்பர் செருப்பு இல்லாமல் அவளைப் போக விட்டதில்லை. "குளிக்கறதுக்கும் செருப்பா? உங்கம்மாவ வுட்டா தூங்கறப்ப ஹெல்மெட்டும் மாட்டி வுடுவா" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மழைக்காலம் என்பதால் மகளுக்காக வாட்டர் ஹீட்டர் வாங்கி, வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவரை வைத்து மாட்டினோம். அன்றே பியூஸ் போனது. புதுக் கம்பி போட்டோம், மறுபடியும் போனது. மாட்டியவருக்குப் போன் செய்தால், வேப்பூர் பக்கம் வேலையில் இருக்கிறேன், நாலு நாள் ஆகும் என்றார்.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம். ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். பதினெட்டு வருடமாகப் பீங்கான் கம்பெனியில் வேலை. பியூஸ் கம்பி மாட்டுகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதைத்தான் அங்கே செய்கிறோம். சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதை ஒதுக்குவது என் வேலை. இத்தனை கட்டை பார்த்த கைக்கு ஒரு பியூஸ் போடத் தெரியாதா என்று நினைத்தேன். மெயினை அணைத்தேன். பழைய ஒயரை உரித்து, தடிமனான செம்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி மாட்டினேன். அப்புறம் பியூஸ் போகவே இல்லை. கரண்டில் கை வைத்தாயா என்று வீட்டுக்காரர் கத்துவாரே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மகள் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். "யம்மா, கொழாயத் தொட்டா சுருக்குங்குது."

"ஈரக் கையோட தொட்டா அப்பிடித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. பாத்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கிறாரா என்று கம்பெனியில் ஒருத்தி விடாமல் கேட்டேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், சிரித்துப் பேச மாட்டார், ஆனால் வேலை சுத்தம் என்றார்கள். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்.

வந்தவர் மேலும் எனக்குச் சந்தேகம். பீரோவைப் பார்க்கிறாரா, மகள் கழுத்துச் சங்கிலியைப் பார்க்கிறாரா என்று பின்னாலேயே நின்றேன். அவர் ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். உள்ளே குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"வெறுங்காலோடவா யக்கா பாப்பா இதத் தொட்டிச்சு?"

"இல்ல தம்பி, செருப்பு போட்டிருந்தா."

"அது மட்டும் இல்லன்னு வச்சிக்கங்க..." என்றவர் மகள் வயிற்றைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை. வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஹீட்டரைக் கழற்றிக் காட்டினார். ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயர் சிக்கித் தோல் நசுங்கியிருந்தது. எர்த் கம்பியும் சரியாகப் பிடிக்கவில்லை. "மாட்டுனவருக்குக் கை தவறிப் போச்சு, தப்புதான். ஆனா இப்பிடி இருந்தா பியூஸ் போய்க்கினே இருந்திருக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். என் செம்புக் கம்பி பளபளவென்று வெளியே வந்தது.

"இதச் சுத்துனது யாரு?"

வாய் தானாகவே சொல்லிற்று. "முன்ன வந்தவருதான்."

அவர் தன் போனை எடுத்தார். "நம்பரச் சொல்லுங்க. இந்நேரம் எந்த வூட்டுல இதையே சுத்திக்கினு இருக்காரோ. இனிமே அந்த ஆள யாரும் வேலைக்குக் கூப்புடாதபடி நானே சொல்லி வுடறேன்."

வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லிவிட்டார். மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. எதிலும் பயப்படுகிற எனக்கு, அந்த மணி நாலு தடவை அடிப்பதற்குள் வந்த பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை. வேப்பூரில் எங்கேயோ ஏணிமேல் நின்று வேலை பார்க்கிற மனுஷன். என் ஒரு வார்த்தையில் அவர் பிழைப்பு போய்விடும்.

"தம்பி, வேணாம். நான்தான் சுத்துனேன்."

"நீயா?" என்றார் வீட்டுக்காரர். வந்தவர் போனை அணைத்தார். திட்டுவார் என்று குனிந்துகொண்டேன். என் கம்பெனி வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன்.

"அதான். விரிசல் வுடாம ஒழைக்கணும்னே பாத்துப் பழகிட்டீங்க. இந்தக் கம்பி ஒழைக்கக் கூடாது யக்கா. எரிஞ்சி போறதுதான் அதும் வேல. அது எரிஞ்சி எரிஞ்சி ஒங்களக் கூப்புட்டிருக்கு, நீங்க வாயக் கட்டிட்டீங்க."

மத்தியானம் வரை இருந்து ஒயரை மாற்றி, எர்த் சரிசெய்து, மெல்லிசுக் கம்பி போட்டார். குழாயில் திரும்ப டெஸ்டரை வைத்தார், விளக்கு எரியவில்லை. பிறகு வெறுங்காலோடு நின்று தானே முதலில் தொட்டுக் காட்டினார். கூலி அறுநூற்றைம்பது. வீட்டில் ஐந்நூறுதான் இருந்தது. பரவாயில்லை, மீதியை அப்புறம் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டார். எங்கள் பேரையோ தொகையையோ அவர் எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை.

பேரன் பிறந்து நாலு மாதம் ஆகிறது. தண்ணீரை அள்ளி அடித்து விளையாடுகிறான். கம்பெனியில் கட்டையைத் தட்டும்போது, என்னையே யாரோ தட்டிப் பார்ப்பது போல இப்போதும் இருக்கிறது. மீதிப் பணத்துக்காகக் கருவேப்பிலங்குறிச்சிக்காரருக்கு எப்போது போன் செய்தாலும், "அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கறேன் யக்கா" என்பார். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்தேன். கண்ணெதிரே பொய் சொன்ன என்னை நம்பிவிட்டுப் போன அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது நூற்றைம்பது ரூபாய்.