கூடையா, சாக்கா?

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த லோகேந்திரன், இருபது வயதில் கிட்டாரையும் தப்பு மேளத்தையும் சேர்த்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடியவர். கல்யாணமானதும் கண்டி டவுனில் காப்புறுதிப் பாலிசி விற்கப் போய்விட்டார். பதினாறு வருடம் கிட்டார் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. போன வருடம் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, "மண் என்னைக் கூப்பிடுது" என்று முகநூலில் அறிவித்தார். மண் அப்படியொன்றும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

வத்தேகம ஊர் மண்டபமொன்றில் அவருடைய கச்சேரி நடந்தது. கூடை சுமக்கும் பெண்களின் வலியைக் கண்களை மூடிக்கொண்டு பாடி முடித்தார். முன்வரிசையில் இருந்த மருதாயி எழுந்தார். இன்றைக்கும் கொழுந்து பறிப்பவர் அவர்.

"தம்பி, கூடையெல்லாம் எப்பவோ போயிருச்சு. இப்ப நாங்க சாக்குலதான் கொழுந்து போடுறோம்."

"பாட்டுக்குக் கூடைதாங்க்கா அழகு."

"அப்ப நீங்களே வந்து சுமங்க."

அன்றைக்குப் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான் கிடைத்தது. லோகேந்திரனுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்றாம் நாள் பாட்டிலிருந்து கூடையை எடுத்துவிட்டுச் சாக்கைப் போட்டுப் பாடிப் பார்த்தார்; மெட்டு நொண்டியது. கடைசியில் பழையபடியே பதிவுசெய்து வெளியிட்டார்.

கொழும்பில் கேட்டவர்கள் அழுதே விட்டார்களாம்.