ஆடும் பல்லும் ஆராய்ச்சிப் பூச்சும்

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொள்வதுதான் பல் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும். ஈறு இறங்கி ஆடும் பற்களின் வேரில் ஃப்ளோரைடு பூசினால் சொத்தை விழாமல் இருக்குமா என்பது எங்கள் ஆராய்ச்சி. பல்லைக் கெட்டியாக்குவோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

விளக்கம்

முதலில் வந்தவர் டெல்லி மயூர் விஹார் சாமிநாதன் சார். சர்க்கார் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதுவரை அந்தப் பல் நிற்கவேண்டுமே என்பது அவர் கவலை. பூச்சு வேரைக் காக்கும், பல்லை ஒட்டாது என்று தமிழிலும் இந்தியிலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அச்சா, சரிம்மா. கொஞ்சம் தாராளமா பூசு, கெட்டியா ஒட்டட்டும்."

ரகசியம்

பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் பூச்சு. யாருக்கு எது என்று எனக்கே தெரியாது. இந்த மகா ரகசியத்தை சாரும், அதே ஆராய்ச்சியில் சேர்ந்த அவர் பக்கத்து ஃபிளாட் மீனாட்சி மாமியும் மெட்ரோவில் வீடு திரும்புவதற்குள் ருசி பார்த்தே ஆராய்ந்துவிட்டார்கள். அடுத்த முறை மாமி என்னைத் தனியே அழைத்தார்: "அவருக்குக் கசக்கறதாம், எனக்குத் தித்திக்கறது. எனக்கும் அந்தக் கசக்கற மருந்தையே போடேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒத்துழைப்பு

ஆராய்ச்சிக்கு உதவுவது தன் கடமை என்று சார் முடிவு செய்தார். தினமும் காலையில் விரலால் பல்லை ஆட்டிப் பார்த்து, நிலவரத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. தயவுசெய்து தொடாதீர்கள் என்று போனில் கெஞ்சினேன். "ஆட்டிப் பார்க்காம ஆடறதா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?"

பரிசோதனை

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பரிசோதனைக்கு வந்தார். நாங்களும் ஆட்டித்தான் பார்ப்போம், ஆனால் கருவியால். நான் பார்த்தேன். என்னை நம்பாமல் சீனியர் டாக்டர் பார்த்தார். அவரை நம்பாமல் பேராசிரியர் பார்த்தார். பிறகு, இப்படித்தான் பார்க்கவேண்டும் என்று மாணவர்களை வரிசையில் நிறுத்தினார். வரிசை முடிவதற்குள் பல் ஒரு மாணவியின் கையில் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சார் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைத் தேற்றினார்: "உன் பூச்சைப் பல்லு தாங்கிடுத்தும்மா. உங்க ஆராய்ச்சியைத்தான் தாங்கலை."

ஆனாலும் அந்தப் பல்லை வெற்றிக் கணக்கில்தான் சேர்த்தோம். வேரில் துளிக்கூடச் சொத்தை இல்லை என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே உறுதி செய்தாயிற்றே.