இறந்துபோன பாடகனுடன் டீ குடித்தேன்

இன்று காலை சங்ககிரியில், லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நானும் குமரேசனும் நின்றிருந்தோம். கலைந்துபோன எங்கள் பாப்-பங்க் பேண்டில் நான் டிரம்ஸ், அவன் பாடகன். இப்போது பள்ளிபாளையத்தில் விசைத்தறி உதிரிபாகம் விற்கிறான்.

பக்கத்து லாரியில் எங்கள் பாட்டு ஓடியது. நாங்கள் கெஞ்சாமலே ஒருவர் அதைக் கேட்பது இதுதான் முதல்முறை.

"யாருங்க பாடறது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"திருச்செங்கோட்டுப் பசங்க. பாடுன பையன் செத்துட்டானுங்க, பாவம்."

குமரேசனுக்குப் புரையேறியது.

பேண்டைக் கலைத்த அன்று இணையத்தில் எங்கள் பக்கத்தில் அவன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, "இனி இந்தக் குரல் ஒலிக்காது" என்று எழுதியது நான்தான். அப்போது அழகாகத்தான் இருந்தது.

"அந்தப் பையன் நல்லாப் பாடுவானுங்களா?" என்று குமரேசனே மெல்லக் கேட்டான்.

"கத்துவானுங்க. ஆனா மனசுல இருந்து கத்துவான். வண்டி ஓட்டறப்ப தூக்கம் வந்தா இதத்தான் போடுவேன். உசுரோட இருந்திருந்தா ஒருக்கா நேர்ல போயிக் கேட்டிருப்பேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். குமரேசன் என் காலை மிதித்தான்.

லாரி கிளம்பியதும், "ஏன்டா சொல்ல விடல?" என்றேன்.

"உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் இப்படிச் சொல்லலியேடா. கொஞ்சநேரம் கேட்டுக்கலாம்னுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிரம்ஸ வித்துட்டியா, வெச்சிருக்கியா?" என்றான்.

வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் திருச்செங்கோட்டில் மறுபடி வாசிக்கிறோம். 'பாடகர் நேரில் தோன்றுகிறார்' என்று போஸ்டர் அடித்தால், பயப்படாமல் வருவீர்களா? அதை மட்டும் கீழே சொல்லுங்கள்.