நீளக் கால் கிளாஸ்

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மெந்தோசாவில் ஒயின் ஆலை ஆலையாகப் பயணிகளை வேனில் கூட்டிப்போகும் ஓவிடியோவுக்கு வாய்தான் மூலதனம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் கொஞ்சம் கூடுதலாகவே பிழைத்தான். மைப்பூ ஊரைத் தாண்டி மரங்கள் அடர்ந்த சாலையில் வேன் திரும்பியதும், "இந்தப் பக்கமெல்லாம் எங்க தாத்தா வெச்ச திராட்சைக் கொடிங்க" என்று ஆரம்பித்துவிடுவான். தாத்தா வைத்தது நிஜம்தான். கூலிக்கு வைத்தார். அதை மட்டும் சொல்லமாட்டான்.

அவனை வளர்த்தவள் அக்கா சுலேமா. அம்மா போனபின், திராட்சைத் தொட்டியைத் தோளில் தூக்கி லாரிக்கு ஓடுவாள். தொட்டிக்கு ஒரு தகரச் சில்லு தருவார்கள், வாரக் கடைசியில் அதைக் கொடுத்துக் கூலி வாங்கலாம். அந்தச் சில்லுகள்தான் அவனைப் படிக்கவைத்தன. அவன் முதல் வேன் ஓட்டிய அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மார்ச்சில், அறுவடை நேரத்தில், ஆலங்கட்டி மழை கிழக்குப் பக்கத் தோட்டங்களை அடித்துத் துவைத்துவிட்டது. அங்கே பறிக்க ஒன்றுமில்லாமல் சுலேமாவின் கூலிக் கூட்டத்தை மைப்பூவுக்கு அனுப்பினார்கள். ஓவிடியோவுக்கு அது தெரியாது. பியூனஸ் அயர்ஸ்காரர்கள் ஆறு பேரோடு கொடி வரிசைக்குள் நுழைந்தான். எதிரே தொட்டியோடு அக்கா நின்றாள். முகமெல்லாம் புழுதி, கையெல்லாம் பிசுபிசுப்பு.

"டேய் ஓ..." என்று வாயெடுத்தவள், அவன் கண்ணைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

'இது என் அக்கா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் தாத்தா வைத்த கொடிக் கதையை வேனிலேயே அளந்துவிட்டிருந்தானே!

"வணக்கம்மா. இவங்க தோட்டம் பாக்க வந்திருக்காங்க" என்றான், முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல.

"பாக்கட்டுங்க ஐயா" என்றாள் அவள்.

அந்த 'ஐயா'வில் அவன் கூசிக் குறுகிப்போனான்.

வந்தவர்களில் மிர்த்தா என்ற அம்மாள் பேச்சில் பிரியமுள்ளவள். "நீங்க பறிக்கிற திராட்சையில வர்ற ஒயினை நீங்களும் குடிப்பீங்களாம்மா?"

"ஞாயித்துக்கிழமை குடிப்போங்க. ஐஸ் போட்டு, சோடா ஊத்தி."

பயணிகள் சிரித்தார்கள். இவனும் சேர்ந்து சிரித்தான். சிரித்ததோடு நின்றானா? "விவரம் தெரியாத ஜனங்க. நல்ல ஒயினை இப்படித்தான் கெடுப்பாங்க" என்று ஒரு போடும் போட்டான். ஏற்றிவிட்ட ஏணியை உதைப்பது என்பார்களே, அதுதான் இது.

"உங்களுக்குன்னு யார் இருக்கா?" என்று மிர்த்தா விடவில்லை.

"ஒரு தம்பி இருக்கான். படிச்சவன். நல்ல வேலையில இருக்கான்." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நேரமாச்சு, வாங்க" என்று ஓவிடியோ வேனுக்கு நடந்தான். பின்னால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் லாரிக்கு ஓடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகாமலிருக்க ஆயிரம் சாக்கு யோசித்தான். போகாவிட்டால் அது இன்னும் அசிங்கம். போனான். அத்தான் இலாரியோ முற்றத்தில் கரி மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் வழக்கமான தடித்த தம்ளர்கள், ஐஸ், சோடா பாட்டில். நடுவில், ஒயின் ஆலைகளில் பயணிகளுக்குத் தருவதுபோல ஒரே ஒரு நீளக் கால் கிளாஸ், கடை ஒட்டுத்தாள்கூடக் கிழிக்காமல்.

"இது யாருக்குடி?" என்றார் இலாரியோ.

"விருந்தாளிக்கு" என்று சொல்லி, சுலேமா அதை ஓவிடியோ முன்னால் வைத்து ஒயின் ஊற்றினாள். அவன் விளையாடி வளர்ந்த முற்றம் அது.

"அக்கா, அன்னிக்குத் தோட்டத்துல..."

"சாப்புடுடா. ஆறிப்போகுது."

அவன் அவசரமாகச் சோடா பாட்டிலை எட்டினான். அவள் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம் ஓவி. நல்ல ஒயின்டா, கெடுத்துடாத."

குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அழுதிருப்பான். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. படித்த தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சொன்னாள். பிறகு தன் தம்ளரில் சோடா ஊற்றப்போனவள், அவனைப் பார்த்துவிட்டு, ஊற்றாமல் பாட்டிலைக் கீழே வைத்தாள்.