அக்காவின் மரக்காணியும் என் அறிக்கையும்

மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்த எனக்குச் சின்ன வயதில் மரம் என்றால் இரண்டே வகைதான்: வள்ளத்துக்கு ஆகும் மரம், ஆகாத மரம். அப்படிப்பட்ட நான் வனவியல் படித்து, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி, முருங்கன் பக்கத்து வயற்காரருக்குச் சிறுகாடு பராமரிக்கப் படிப்பிக்கப் போனேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வாசிகசாலை மண்டபத்தில் வகுப்பு. முதல்நாளே பின்வரிசையில் ஒருவர், "மீன்காரர் வீட்டில இருந்து மரம் படிப்பிக்க வந்திட்டினம்" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "ஏன் அண்ணை, நீங்கள் மீன் தின்னுறேல்லையோ?" என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அக்கா.

அக்கா என்பது நான் கூப்பிட்ட முறை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் இல்லை, ஒரே மகள். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, ஊர் வயலுக்குப் பின்னால் இருந்த தன் தகப்பனின் மேட்டுக்காணி பற்றை மண்டிக் கிடந்ததாம். அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட் அந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. மகளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்தக் காணி மட்டும்தான். பக்கத்துக் காணிக்காரர் டோசர் பிடித்துத் தன் நிலத்தை வெறுந்தரையாக்கி எள்ளு விதைத்தார். அக்காவும் டோசருக்குச் சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தார்.

நான் விடவில்லை. "தள்ளாதேங்கோ அக்கா. உங்கட காணிக்குள்ள முதிரை நிக்குது, பாலை நிக்குது. ஆர் நட்டாலும் இப்பிடி வராது" என்றேன். ஒரு அடிக்கட்டையில் நாலைந்து தண்டு துளிர்த்திருந்தால் நேரானது ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டச் சொன்னேன். நாங்கள் அதை ஐதாக்கல் என்று படிப்பிப்போம். அக்கா, "சும்மா களையெடுக்கிறதுதானே மிஸ், ஏன் அதுக்கு ஒரு பேர்?" என்பார். வெட்டிய கம்புகள் வேலிக்கும் மாட்டுப்பட்டிக்கும் விலைப்பட்டன. விறகு வீட்டுக்கானது. ஆறு வருடத்தில் மரங்கள் எழும்பிவிட்டன. மத்தியான வெயிலில் உள்ளே போனால் வியர்வையில் நனைந்த சட்டை காயும், அவ்வளவு நிழல். பாலைப்பழக் காலத்தில் எனக்கென்று ஒரு சட்டி நிறைய எடுத்து வைப்பார்.

அந்தக் காணியைப் பற்றி நான் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். அதன் கடைசி வசனத்துக்கு மட்டும் மூன்று நாள் எடுத்தது. "இந்த நிலத்தை இன்று இயற்கையான காட்டிலிருந்து வேறுபடுத்தி அறிய முடியாது." எழுதி முடித்து நானே நாலு தரம் வாசித்துப் பார்த்து மகிழ்ந்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. பல்கலைக்கழக இணையத்தளத்தில் அது வந்தது, என் பதவி உயர்வுக்கான கோப்பில் முதல் இடத்திலும் அதுதான் இருந்தது.

அடுத்த வருடம் பாதுகாக்க வேண்டிய காடுகளுக்கு எல்லை போட வன இலாகா ஆட்கள் வந்தார்கள். பக்கத்தவரின் எள்ளுக்காணியை, பயிர்நிலம் என்று விட்டுவிட்டார்கள். அக்காவின் காணி காடாம். கிராம அலுவலரான விதானையாரின் கடிதத்தோடு விசாரணைக்கு வரச்சொல்லி அக்காவுக்கு அழைப்புத் துண்டு வந்தது. "பயப்பிடாதேங்கோ, நான் வாறன். என்ர ஒரு சொல்லுக் காணும்" என்றேன்.

அவர்களின் கந்தோரில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், கதிரை போட்டு இருத்தினார். மொழிபெயர்ப்பாளர் அன்று லீவு. அக்காவுக்குச் சிங்களம் விளங்காது, எனக்குத் தெரியுமென்று நானே முன்வந்தேன். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்ற துணிவு. நான் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் அறிக்கை. கடைசி வசனத்தின் கீழ் சிவப்புக் கோடு.

"இது நீங்கள் எழுதியதுதானே மிஸ்? நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்."

 அவரே வழியும் சொன்னார். இது கையால் வெட்டிப் பராமரித்த நிலம், அந்த வசனம் பிழை என்று அடுத்த மாதம் முடிவதற்குள் நான் எழுத்தில் கொடுத்தால், திரும்பப் பார்க்கலாம் என்றார்.

அக்கா என் முழங்கையைத் தொட்டார். "என்னவாம் மிஸ்?"

"பாத்துச் சொல்லுவினமாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வசனத்தைப் பற்றிச் சொல்லவில்லை, தவணையைப் பற்றியும் சொல்லவில்லை. கடிதத்தை அன்றிரவே எழுதிவிடுவேன், அக்காவுக்கு ஏன் வீண் கவலை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பஸ் நிலையத்தில் அக்கா எனக்கு வடையும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். "நீங்கள் இல்லாட்டி அவங்கள் என்னை ஒரு ஆளாயே மதிச்சிருக்க மாட்டாங்கள்" என்றார். நான் வடையைத் தின்றேன்.

கடிதத்தை எழுதியது உண்மை. ஆனால் பதவி உயர்வு நேர்முகத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. என் முதன்மை அறிக்கை பிழை என்று நானே கையெழுத்து வைத்துவிட்டு எந்த முகத்தோடு அங்கே போய் இருப்பது? நேர்முகம் முடியட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். நேர்முகம் தவணைக்கு அப்பால் ஒத்திப் போடப்பட்டது. அப்போதாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பதவி கிடைத்த பிறகு கடிதத்தோடு ஓடினேன். அதிகாரி தாளை வாசித்துவிட்டு, தவணை போய்விட்டதே மிஸ் என்று மெதுவாகச் சொன்னார்.

அக்காவின் காணியைக் காட்டோடு சேர்த்து எல்லைக்கல் போட்டார்கள். இப்போது அக்கா எங்கள் பல்கலைக்கழகத் திட்டத்தின் நாற்றுமேடையில் பைக்கு மண் நிரப்புகிறார், நாட்கூலிக்கு. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். அதற்கும் நன்றி சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தரம் அவர் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பேன். மகளின் சுகத்தைக் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

போன மாதம் அடம்பன் பக்கம் புதிதாக வகுப்புத் தொடங்கினோம். நாற்றுகளை இறக்க அக்காவும் வந்திருந்தார். மரத்தை விட்டு வளர்க்கலாம் என்று நான் தொடங்கியதுதான் தாமதம், ஒருவர் எழும்பிவிட்டார். "மரம் விட்டவையின்ர காணி போகுது. படிப்பிச்ச நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள்?"

 வாசலில் நின்ற அக்கா மண் கையோடு உள்ளே வந்தார்.

"மிஸ்ஸைப் பேசாதேங்கோ" என்றார். "என்ர காணிக்காக அவ கந்தோர் வரைக்கும் வந்து அவங்களோட சிங்களத்தில வாதாடினவ. நான் பக்கத்தில இருந்தனான். எனக்குத் தெரியும்."

கேட்டவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். எல்லோரும் கொப்பியைத் திறந்தார்கள். நான் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.