மெத்தோதி மாஸ்டரின் எரியாத விளக்கு

மெத்தோதி மாஸ்டர் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனதும், கைக்கு எட்டுகிற முதல் அலுமினியப் பட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். கோவேறு கழுதையின் முதுகில் தட்டுவது போல. "என்னடி, தூங்குறியா?" என்று கேட்பார். அது தூங்கத்தான் செய்யும். அந்தப் பட்டையில் கடைசியாக மின்சாரம் ஓடியபோது நான் பிறந்திருக்கவில்லை.

வ்ராத்ஸா ஊரின் கடைசி அடுக்குமாடிக் கட்டடம் எங்களுடையது. அதற்கப்புறம் வேலி, வேலிக்குள் பயிற்சி முற்றம், பிறகு மலை. பள்ளிப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு தட்டை வருடக்கணக்கில் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது தலைநகர் சோஃபியாவில் மின்பொறியியல் படித்துவிட்டு வந்து, அதே முற்றத்தை ஒட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்து ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். ஜன்னல்தான் மாறியிருக்கிறது.

துணை மின்நிலையங்களில் பராமரிப்பு வேலைக்குப் போகும் பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பது மாஸ்டருடைய வேலை. முற்றத்தில் எல்லாமே அசல். டிரான்ஸ்ஃபார்மர் அசல், சுவிட்சுகள் அசல், பீங்கான் தூண்கள் அசல். மின்சாரம் மட்டும் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் மாஸ்டர் தன் மதியச் சாப்பாட்டை வைப்பார். சுவிட்சின் கைப்பிடியில் கோட்டை மாட்டுவார். 'அபாயம்' என்று எழுதிய மண்டையோட்டுத் தகடு, அவர் தக்காளி நறுக்கும் பலகை.

"நான் இருபதாயிரம் வோல்ட்டோட கை குலுக்கினவன்டா" என்பார் பையன்களிடம். அசல் மின்நிலையத்தில் அவர் வேலை பார்த்தது ஒரே ஒரு குளிர்காலம். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசுவதே அவருக்குத் தொழிலாகிவிட்டது. வருடத்துக்கு வருடம் அதில் பனி கூடிக்கொண்டே போகிறது.

செப்டம்பரில் முற்றத்தின் லட்சணமே வேறு. ஊரில் எல்லோரும் குடைமிளகாய் வாட்டித் தொக்கு கிளறிக் குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைக்கிற மாதம். மிளகாய் வாட்டும் மின்சார அடுப்பு இல்லாத வீடு கிடையாது. அது பழுதாகாத வீடும் கிடையாது. எல்லா அடுப்பும் மாஸ்டரிடம் வந்து சேரும். பாதுகாப்பு விதிகள் என்று நேர அட்டவணையில் எழுதியிருக்கும் மணியில், பையன்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களின் அடுப்புகளுக்குக் கம்பிச்சுருள் மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர் காசு வாங்க மாட்டார். "நமக்குள்ள என்ன?" என்பார். இந்த 'நமக்குள்ள என்ன'வில் ஊர் மொத்தமும் அவருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அந்த முற்றத்தில் உயிரோடு ஓடிய ஒரே மின்சாரம், சரிசெய்த அடுப்பைச் சூடேற்றிப் பார்க்கும் கம்பியில்தான்.

கோல் பாடம் இதற்கெல்லாம் மேல். பட்டையில் மின்சாரம் இருக்கிறதா என்று அறிய, நுனியில் சின்ன விளக்கு வைத்த நீளமான கோல் ஒன்று உண்டு. பட்டைக்கு அருகே கொண்டுபோனால், மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும். எரியாவிட்டால் இல்லை. ஆனால் விளக்கே கெட்டுப்போயிருந்தால்? அதற்காகத்தான் மின்சாரம் ஓடுவதாக நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலில் காட்டி, எரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. முற்றத்தில் அப்படி ஓர் இடம் இல்லை; அடுப்புக் கம்பியில் ஓடும் வீட்டு மின்சாரம் இந்தக் கோலுக்குப் போதாது. ஆகவே கோல் எரிந்து பார்த்தவர் யாருமில்லை. செத்த முற்றத்தில் செத்த கோல் எப்போதும் சரியாகத்தான் சொல்லும்.

யாசென் அங்கே படித்த வருடம் நான் கடைசி விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் கட்டடத்துக் கீழ்த்தள ரொட்டிக்கடை ரொஸிட்ஸா அக்காவின் மகன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன். அவன் குரல் ஜன்னல் வரை கேட்டது.

"மாஸ்டர், இது எரிஞ்சா எப்படி இருக்கும்? சிவப்பா, மஞ்சளா?"

"எரியாதுடா."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா நீ பாக்குறதுக்கு இருக்க மாட்டே. அடுத்தவன் வா. கோலைத் தூக்கு. என்ன சொல்லணும்?"

"இல்லை!" என்று பையன்கள் கோரஸ் பாடினார்கள்.

"அவ்வளவுதான். கோல் சொல்லிடுச்சு. இப்ப நீயும் ஒரு தட்டு தட்டிக் கேளு. மரியாதைக்கு."

ஒவ்வொருவனும் பட்டையைத் தட்டினான். "என்னடி, தூங்குறியா?" என்று அதே குரலில் கேட்டான். சிரிப்பு. மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அன்று ஜன்னலில் நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பயிற்சியின் கடைசியில், ஒரு நாள் முழுக்க, மின்சாரம் ஓடும் அசல் நிலையத்துக்குப் பையன்களைக் கூட்டிப்போக வேண்டும். கோலை எரியவைத்துக் காட்ட வேண்டிய நாள் அது. ஆனால் அந்த நாளில் வகுப்பு மாஸ்டரின் கொல்லையில் கூடும். அவர் வீட்டுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய மிளகாய் முழுவதையும் பையன்கள் வாட்டித் தோலுரிப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, இறைச்சி சுட்டுப் போடுவார், சொந்தப் பழச்சாராயமும் ஊற்றுவார்.

"மாஸ்டர், ஒரு நாள் பாக்கி!" என்று யாசென் கத்துவான்.

"பாக்கி இருக்கட்டும்டா. பாக்கி இருந்தாத்தான் மாஸ்டரைத் தேடி வருவீங்க."

எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள். மாஸ்டரிடம் தோற்றவன் என்று இதுவரை ஒருவனும் இல்லை. அது அவருடைய பெருமை.

போன இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் நிலையத்து ஆட்கள் தங்கள் கோலைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாளைக்கு மாஸ்டரிடம் இரவல் கேட்டார்கள். "எடுத்துட்டுப் போங்கப்பா, நமக்குள்ள என்ன?" என்றார். யாசென் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வேலை செய்ய வேண்டிய கம்பியை இந்த முனையில் துண்டித்துவிட்டார்கள். மறுமுனையில் யாரோ மறந்துவிட்டார்கள். யாசென் கோலைத் தூக்கினான். விளக்கு எரியவில்லை. "இல்லை" என்றான். பிறகு, கற்றுக் கொடுத்தபடியே, மரியாதைக்கு, கையை நீட்டினான்.

உயிர் தப்பியது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னிடம் ஒரு பாட்டில் மிளகாய்த் தொக்கு கொடுத்து அனுப்பினார். "இன்ஜினியரம்மா, நீ எப்படியும் அந்தப் பக்கம் போறே. இந்த வருஷத்து மொத சரக்குன்னு சொல்லு." யாசென் அதை மடியில் வைத்து இடது கையால் மூடியைச் சுற்றிப் பார்த்தான். தொடைகளுக்கு இடையில் இறுக்கிச் சுற்றினான். நகரவில்லை. "தெறந்து குடுத்திருக்கலாம், கெழட்டுப் பய" என்றான். ரொஸிட்ஸா அக்கா வாங்கித் திறக்கப் போனாள். "வேணாம்மா" என்று பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

விசாரணைக் குழு வந்தது. கோல் கெட்டிருந்தது உண்மை, ஆனால் அதைத் தெரிந்துகொள்ளத்தானே முதலில் சரிபார்க்கும் விதி இருக்கிறது என்றார்கள். அசல் நிலையத்தில் பயிற்சி பெற்றதாக மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் சொல்கிறது. தெரிந்தும் அலட்சியம் செய்தவனுக்கு நஷ்டஈடு எதற்கு என்றார்கள். ஜன்னலில் பார்த்ததை நான் போய்ச் சொன்னேன். "அப்ப நீங்க இங்க வேலையில இல்லையே" என்று முடித்துவிட்டார்கள். அவனுடன் படித்த பையன்கள் ஆளுக்கொரு நாட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அசல் நிலையத்துக்குப் போகும் அந்த நாள் நடக்கவே இல்லை என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கேட்டுப் பார்த்தேன். அடுப்பு ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"சொல்றேன், சொல்றேன். ஆனா எனக்கு ஓய்வு வரப்போற நேரம், தெரியும்ல? நான் சொன்னா அவன் கை மொளைச்சிடுமா?"

"கை மொளைக்காது மாஸ்டர். அவனுக்குச் சேர வேண்டியது கெடைக்கும்."

"காலேஜ் போனா இப்படித்தான் பேச வரும். உங்க அம்மா அடுப்பை யாரு சரி பண்ணினாங்கன்னு போய்க் கேளு."

கேட்டேன். "பாவம், நல்ல மனுஷன்டி, அவரைப் போட்டு வதைக்காதே" என்றாள் அம்மா. அப்பா குவாரியில் கல் உடைத்தவர்; சுவிட்சு போடத் தெரிந்த எவனையும் அவர் எழுந்து நின்று வணங்குவார். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு மாஸ்டர் மேல் வருகிற இளக்காரம் யாசெனின் கைக்காக வருகிறதா, இல்லை என் பட்டத்திலிருந்து வருகிறதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் வரலாம். ஆனால் நல்ல மனிதர் என்ற அந்தப் பெயரை அடுப்பு அடுப்பாகச் சேர்த்து வைத்திருப்பவரைப் பார்த்தால், என் பங்கை எவ்வளவு கழித்தாலும் இளக்காரம் மிஞ்சத்தான் செய்கிறது.

குழு தன் முடிவை எழுதுவதற்கு முந்தின நாள் காலை யாசென் முற்றத்துக்கு வந்தான். புது வகுப்பு கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மடித்துக் குத்திய வலது சட்டைக் கையைப் பார்த்துப் பையன்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மாஸ்டர், எனக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு."

மாஸ்டர் சிரித்துப் பார்த்தார். யாசென் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில குழு முன்னாடி வாங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு மெளகாதான் வாட்டினோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான் மாஸ்டர். வேற ஒண்ணும் வேணாம்."

மாஸ்டர் அவனைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், அண்ணாந்து என் ஜன்னலையும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, மடித்துக் குத்திய கைக்கு மேலே, தோளில், உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். திரும்பிப் போய்க் கம்பிக் கதவைத் திறந்தார்.

"அடுத்தவன் வா" என்றார். "கோலைத் தூக்கு."